சில்லுக் கள்ளனுக்கு நான் சொன்ன சாட்சி

என் வாயாடி மகளுக்கு,

இந்தக் கடிதத்தை விரித்ததும் நீ முதலில் எழுத்துப் பிழைகளைத்தான் எண்ணுவாய் என்று எனக்குத் தெரியும். தாராளமாக எண்ணு. ஹந்தானைத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் வாசித்ததெல்லாம் டயர் ஓரத்தில் அச்சடித்திருக்கும் நம்பர்கள்தான். நேரில் சொல்லலாம் என்று மூன்று நாள் உன் பின்னாலேயே திரிந்தேன். நீ சேலை பார்க்கப் போகிறாய், பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போகிறாய், என்னைக் கண்டால் "என்னாப்பா, வேனுக்கு ஹயர் கெடைக்கலயா, சும்மாவே சுத்துறீங்க?" என்கிறாய். அந்த வாய் என்னிடமிருந்து போன வாய், அதனால் குறை சொல்லவும் வழியில்லை. ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "கல்யாணப் பத்திரிகையே நாலு வரிதான், நீங்க என்னா இத்தன பக்கம் எழுதுறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். அவளுக்கு இது என்ன கடிதம் என்று தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தபோது நீ அந்தச் சில்லுக் கதையைச் சொன்னாய். உன் அப்பாவை ஒருவன் விரிசலுக்கு ஒட்டுப்போட்ட வேன் சக்கரத்தைத் தந்து ஏமாற்றியதும், அப்பா அவனுடைய முற்றத்துக்கே போய் அவன் மானத்தை வாங்கியதும்தான் கதை. நன்றாகத்தான் சொன்னாய், என்னை விட நன்றாக. சம்பந்தி தொடையில் தட்டிச் சிரித்தார். "ஒங்க கிட்ட கவனமாத்தான் இருக்கணும் போல" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் நீ சொல்லும் கதை நீ பார்த்த இடத்தோடு நின்றுபோகிறது. அதற்குப் பிறகும் ஒரு பாதி இருக்கிறது. அதை இரண்டு வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் நீ அந்த வீட்டுக்குப் போனதும் அவர்கள் மறுபடியும் உன்னைச் சொல்லச் சொல்வார்கள். பாதிக் கதையைச் சொல்லி என்னைப் பெரிய ஆளாக்கிவிடாதே. அந்தப் பெயரை என்னால் சுமக்க முடியாது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பழி வாங்குவது எனக்குச் சீனி மாதிரி. டாக்டர் சீனியை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். பழியை நிறுத்தச் சொல்லி எந்த டாக்டரும் மருந்து எழுதவில்லை. நீ உன் அம்மா வயிற்றில் இருந்தபோது ஒரு பஸ் கண்டக்டர் அவளை மிதிபலகையிலேயே வைத்துத் தள்ளினான். நான் அப்போது டயர் கடையில் வேலை. இரண்டு மாதம் கழித்து அதே பஸ் பஞ்சராகி எங்கள் கடை வாசலுக்கு வந்தது. நான் அந்த டியூபை மூன்று தரம் கழற்றி மூன்று தரம் பூட்டினேன். ஒவ்வொரு தரமும் "இன்னொரு ஓட்ட இருக்கு மாத்தயா" என்றேன். காலையில் வந்த பஸ் மாலை நாலு மணிக்குத்தான் போனது. அன்று நான் சாப்பிட்ட சோற்றின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. இப்படிப்பட்டவன்தான் உன் அப்பன். இதை வைத்துக்கொண்டு மீதியைப் படி.

அந்தச் சில்லை வாங்கியதற்குக் காரணம் என் பவுசுதான். குண்டசாலையிலிருந்து கண்டி டவுனுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வேன் என்னுடையது ஒன்றுதான் என்று இருந்தேன். எதிர்வீதிக்காரன் பளபளவென்ற அலோய் சில்லுப் போட்ட வேனோடு வந்து நின்றான். இரண்டு தாய்மார் பிள்ளைகளை அவனிடம் மாற்றிவிட்டார்கள். சில்லைப் பார்த்துப் பிள்ளையை ஏற்றுகிற உலகம் இது. நீ அப்போது டவுனில் போன், இன்டர்நெட் வைத்திருக்கிற கொமியூனிகேஷன் கடையில் வேலை. அங்கே இருந்த கம்ப்யூட்டரில், ஏற்கனவே பாவித்த பழைய சாமான் விற்கிற பக்கம் ஒன்றைத் திறந்து, என்னைப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார வைத்துக் காட்டினாய். நாலு சில்லு, டயரோடு. ஆறு மாதம்தான் பாவித்தது, விரிசல் இல்லை, கோணல் இல்லை என்று இங்கிலீஷில் போட்டிருப்பதாக வாசித்துச் சொன்னாய். அதை விட நல்ல விளம்பரம் வேறு இரண்டும் இருந்தன. அந்த இரண்டு நம்பருக்கும் பேசினேன், சிங்களத்தில் பதில் வந்தது. மூன்றாவது நம்பரில் "சொல்லுங்கண்ணே" என்றான். அவ்வளவுதான், நான் விழுந்தேன்.

அந்த யுத்த நாட்களை நீயும் பார்த்திருக்கிறாய். தமிழில் பேசப் பயந்து, பஸ்ஸில் போன் அடித்தால் எடுத்து மெதுவாக "பிறகு பேசுறேன்" என்று சிங்களத்தில் சொல்லி வைத்த காலம். கலவர வருஷத்தில் நான் வேலை செய்த கடையே எரிந்தது. எரிந்த டயர் நாற்றத்தோடு ஒரு வாரம் ஹந்தானைத் தோட்டத்து லயத்து வீட்டில் ஒளிந்திருந்தவன் நான். அப்படியிருந்தவனுக்கு முன்பின் தெரியாத ஒருவன் நம் பேச்சில் "அண்ணே" என்றால் அது காதுக்குள் தேன். கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் தகரக் கூரை போட்ட முற்றத்தில் அவன் சில்லுகளை அடுக்கி வைத்திருந்தான். "நான் மடுல்கெல்ல ஆளுண்ணே. ஒங்க தம்பி மாதிரின்னு நெனச்சிக்கோங்க" என்றான். என் அக்காவைக் கட்டிக் கொடுத்த தோட்டம் மடுல்கெல்லதானே, அந்தக் கோயில் திருவிழா வரைக்கும் பேசினான். பிளேன்ரீ வந்தது. நானும் குஷியில் என் கதையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். ஒரு செத்த வீட்டுக்காக வவுனியா வரைக்கும் ஹயர் போய், வழியில் ஆமிக்காரர் எத்தனை இடத்தில் இறக்கி ஏற்றினார்கள் என்பது வரைக்கும் சொன்னேன்.

இங்கேதான் நான் செய்த பிழை. பாவித்த அலோய் சில்லை வாங்கும்போது டயரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சில்லின் உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவி, வெளிப்பக்கம் கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டித் தூள் பூசிக் கொஞ்ச நேரம் விட்டால், விரிசல் இருக்கும் இடத்தில் எண்ணெய் கசிந்து வெள்ளையில் கறுப்புக் கோடு விழும். இருபது வருஷம் டயர் கடையில் இருந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். அவனே சொன்னான், "வேணும்னா கழட்டிப் பாத்துக்கோங்கண்ணே. நான் என்னா சொல்லப் போறேன்?" அப்படிச் சொன்ன பிறகு கழற்ற எனக்கு வெட்கமாக இருந்தது. நம் ஆள், தம்பி என்கிறான், கையில் அவன் கொடுத்த தேத்தண்ணி. கழற்றினால் அவனைக் கள்ளன் என்று சொல்வது போல் ஆகிவிடுமே என்று நினைத்தேன். என் பழைய இரும்புச் சில்லு நாலையும் மாற்றாகக் கொடுத்து, மேலே காசும் எண்ணி வைத்துவிட்டு அவனுடையதைப் பூட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் நாம் அவனுக்கு வைத்த பெயர் 'தம்பித் துரை'. இந்தக் கடிதத்திலும் அந்தப் பெயரே இருக்கட்டும். உண்மைப் பெயரை எழுதமாட்டேன், அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மூன்று வாரம் கழித்து, பதினொரு பிள்ளைகளோடு இறக்கத்தில் திரும்பும்போது முன் இடது சில்லு பிளந்தது. வேன் வீதியோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிச் சாய்ந்து நின்றது. அந்தச் சின்னப் பிள்ளை, எப்போதும் ஜன்னல் பக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்குமே, அதன் மணிக்கட்டு முறிந்தது. அதன் தகப்பன் ஒரு வாத்தியார். அவர் என்னை ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். ஏசவில்லை. "பிள்ளை இனி வேறு வேனில் போகும்" என்று மட்டும் சொன்னார். ஒரு வாரத்தில் பதினொன்று நாலாகிப் போனது.

பிளந்த சில்லைத் தூக்கிக்கொண்டு அவனிடம் போனேன். உள்பக்கம் வெல்டிங் வைத்துத் தேய்த்துப் பெயின்ட் அடித்தது இப்போது குருடனுக்கும் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியவில்லை. "நீங்க குழியில விட்டிருக்கீங்கண்ணே. போட்டோவுல விரிசல் இருந்துச்சா? பாவிச்ச சாமான்னுதானே போட்டிருந்தேன்?" நான் சத்தம் போட்டேன். அவன் சிரித்தபடி பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னான், "சத்தம் போடாதீங்கண்ணே. புலிங்க இருக்குற வன்னிப் பக்கம் ஹயர் போன ஆளு நீங்க. நான் ஒரு எடத்துல ஒரு வார்த்த சொன்னா போதும்." மகளே, சில்லு பிளந்ததை நான் பொறுத்திருப்பேன். நானே வாய்விட்டுச் சொன்ன கதையை எடுத்து என் கழுத்திலேயே வைத்தானே, அதைப் பொறுக்க முடியவில்லை. நீ அந்த விளம்பரப் பக்கத்தை நடத்துகிறவர்களுக்கு இமெயில் எழுதினாய். விற்கிறவரும் வாங்குகிறவரும்தான் பொறுப்பு என்று மூன்று வரியில் பதில் வந்தது. நான் சொன்னேன், சரி, வாங்கினவன் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று.

அடுத்த பகுதி உன்னுடையது. நீ இங்கிலீஷில் போன் எடுத்து, கொழும்பிலிருந்து சில்லு வாங்க வரும் மிஸ்ஸாக நடித்து, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாச் சில்லையும் டயர் கழற்றி வைக்கச் சொன்னாய். "யெஸ் மிஸ், யெஸ் மிஸ்" என்று அவன் குழைந்ததை நீ வீட்டில் நடித்துக் காட்ட, அம்மா சிரித்துச் சிரித்துச் சோற்றுச் சட்டியைக் கீழே போட்டாள். நாம் போனபோது முற்றத்தில் ஏற்கனவே நாலைந்து பேர். நான் பையிலிருந்து மண்ணெண்ணெய்ப் போத்தலையும் வெண்கட்டித் தூளையும் எடுத்தபோது அவன் முகம் போன போக்கு! "அண்ணே, என்னா இது?" "ஒண்ணுமில்ல தம்பி, ஒங்க சில்லுக்கெல்லாம் பவுடர் போட்டு அழகு பாக்கப் போறேன்." ஒவ்வொன்றாகப் பூசினேன். பூசிவிட்டு, "எல்லாரும் ஒரு பத்து நிமிஷம் பொறுங்க, துரை பிளேன்ரீ குடுப்பாரு" என்றேன். பத்து நிமிஷத்தில் பதினாறு சில்லில் ஒன்பதில் கறுப்புக் கோடு இறங்கியது. காருக்குச் சில்லு பார்க்க வந்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர் குனிந்து பார்த்து, "யா அல்லாஹ்! இது என்ன மௌத்தாப் போன சில்லுக்கெல்லாம் கஃபன் துணி சுத்தி வச்சிருக்கீங்களா தம்பி?" என்று கேட்டார். முற்றமே சிரித்தது. அதற்குப் பிறகு அவன் விளம்பரம் போட்டாலும் அந்த முற்றத்துப் பக்கம் யாரும் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் நீ சொன்னது இது வரைக்கும்தான்.

மீதியைக் கேள். அது நடந்து இரண்டு வாரம் இருக்கும். எங்கேயோ குண்டு வெடித்திருந்தது, வீதியெல்லாம் சோதனை. பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வேனோடு வந்தேன். செக்பொயிண்டில் ஒரு சின்ன லொறியை ஓரம் கட்டியிருந்தார்கள். கீழே நின்றவன் தம்பித் துரை. முற்றத்தில் வியாபாரம் படுத்துப் போனதால் சாமானை லொறியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்திருக்கிறான். அவனுடைய அடையாள அட்டையில் போட்டோ மங்கி, யார் முகம் என்றே தெரியாத அளவுக்குப் போயிருந்தது. லொறியில் சில்லோடு வெல்டிங் கம்பி, ஒரு டின், ஒரு பையில் ஏதோ தூள். ஆமிக்காரர் அந்தத் தூளைத்தான் வெடிமருந்தோ என்று சுற்றி நின்று பார்த்தார்கள். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, டின்னில் இருப்பது விரிசலை மறைக்கப் பூசுகிற பட்டி, பையில் இருப்பது அதை இறுக வைக்கிற தூள். கராஜ்காரன் எவனுக்கும் தெரியும். ஆமிக்காரருக்குத் தெரியவில்லை.

அவன் என் வேனைக் கண்டுவிட்டான். "அந்த நீல வேன் அண்ணனக் கேளுங்க! அவருக்கு என்னய நல்லாத் தெரியும்! அண்ணே! அண்ணே!" என்று கத்தினான். ஆமிக்காரன் என் பக்கம் வந்து சிங்களத்தில் கேட்டான், "இந்த ஆளைத் தெரியுமா?" என் கை ஸ்டியரிங்கில் இருந்தது. நான் பயந்துபோய்ச் சொன்னேன் என்று நீ எனக்காக ஒரு சாட்டுத் தேடுவாய், தேடாதே. பயத்தில் சொல்லவில்லை. நல்ல தெளிவோடு, அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், "தெரியாது மாத்தயா." ஆமிக்காரன் கையைக் காட்டினான், நான் கியரைப் போட்டேன். கண்ணாடியில் அவன் வாய் இன்னும் "அண்ணே" என்றுதான் அசைந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாயே தம்பி, இந்தா, நானும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு ஓட்டினேன். அன்று பின்னேரம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு உன் கடைக்கு வந்து, இரண்டு பேருக்கும் பலூடா வாங்கிக் கொடுத்தேன். "என்னா விசேஷம்ப்பா?" என்று கேட்டாய். "சும்மா" என்றேன். விசேஷம் அதுதான்.

இரண்டு மணித்தியாலம் வெயிலில் நிற்க வைத்து விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்பது நாள் கழித்து, நீ வேலைக்குப் போயிருந்த நேரம், ஒரு பெண் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவனுடைய மனைவி. இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் அவனுடைய பழைய போன். "அவர அடைச்சி வச்சிருக்காங்க. கண்டி விலாசம் உள்ள ஆராவது வந்து தெரியும்னு சொன்னாப் பேசலாம்ங்கிறாங்க. கூட்டாளிமாரு ஒருத்தரும் போன எடுக்க மாட்டேங்கிறாங்க" என்றாள். உன் அம்மா, "எங்கள எப்பிடிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள். அந்தப் பெண் வெட்கப்பட்டாள். "அவர ஏசி மெசேஜ் போட்டவங்க நம்பரெல்லாம் எடுத்தேங்க. அவர நல்லாத் தெரிஞ்சவங்கன்னா ஏசினவங்கதானே. ஒங்க நம்பர்லேருந்துதான் நெறைய ஏசியிருந்துச்சு. வீட்டு விலாசம் அவரு ரசீதுப் புத்தகத்துல இருந்துச்சு." அந்த மெசேஜெல்லாம் நீ டைப் பண்ணியதுதான்.

நான் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். "நான் போகமாட்டேன். அவன் செஞ்சதுக்கு இருக்கட்டும்" என்றேன். செக்பொயிண்டில் நடந்ததையும் அப்போதுதான் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் எனக்கு மன்னிப்பு, தர்மம் என்று பாடம் எடுத்திருந்தால் நான் எழும்பியிருக்க மாட்டேன், அது அவளுக்குத் தெரியும். பின்பக்கம் கிடந்த அந்தப் பிளந்த சில்லைத் தூக்கி வந்து என் காலடியில் வைத்தாள். "மன்னிக்க வேணாம். போயி ஏசிட்டு வாங்க. நேர்ல ஏசிட்டு வாங்க" என்றாள்.

எந்தப் பொலிஸ் ஸ்டேஷன் என்று எழுதமாட்டேன். சில்லைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நீ அச்சடித்துத் தந்த அந்த விளம்பரத் தாளையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். அங்கே பொறுப்பிலிருந்த பொலிஸ் பெரியவர் சிங்களத்தில் கேட்டார், "உனக்கு இவனைத் தெரியுமா?" "நல்லாத் தெரியும் சேர். கள்ளன்." அவர் பேனையை எடுத்தார். "எந்த மாதிரிக் கள்ளன்?" "சில்லுக் கள்ளன் சேர். ஒட்டுப்போட்ட சில்லைப் புதுசு மாதிரி விக்கிறவன். இந்தா, எனக்கு வித்தது." மேசை மேல் சில்லை வைத்தேன். அவன் லொறியில் இருந்த டின்னும் தூளும் அங்கேயே ஓரமாக இருந்தன. ஒரு சொட்டுப் பட்டியைத் தூளோடு குழைத்து, சில்லில் இருந்த இன்னொரு சின்ன விரிசலில் பூசிக் காட்டினேன். சொல்லச் சொல்ல எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. "எனக்கு மட்டுமில்ல சேர், கண்டி முழுக்க இவன் ஏமாத்தியிருக்கான். இவனுக்கு நாள் முழுக்க இந்தக் களவுக்கே நேரம் பத்தாது. குண்டு வைக்க எங்க நேரம்?" பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்துவிட்டான். பெரியவருக்கும் மீசை அசைந்தது.

அவனைக் கூட்டி வந்தார்கள். நான் அவனை உற்றுப் பார்த்தேன், பிறகு பார்க்க முடியாமல் சில்லைப் பார்த்தேன். பெரியவர் சில்லைக் காட்டி, "இது நீ விற்றதா? இந்த விரிசல் யார் போட்டது?" என்று கேட்டார். பழக்கதோஷம், "அது அவரு குழியில விட்டது சேர்..." என்று தொடங்கினான். தொடங்கியவன் நிறுத்தி, மேசை, டின், என் முகம் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான், "நான்தான் சேர். ஒட்டுப்போட்டு வித்தேன். தெரிஞ்சுதான் வித்தேன்." இரண்டு மாதமாக இந்த வாக்குமூலத்துக்காகத்தான் நான் தூங்காமல் கிடந்தேன். கேட்டதும் என் நெஞ்சுக்குள் தவில் அடிக்கும் என்று நினைத்தேன். எந்தச் சத்தமும் இல்லை. பெரியவர் ஒரு தாளில் ஒப்பம் வைக்கச் சொன்னார். எனக்கு ரசீது எழுதிக் கொடுத்தபோது இங்கிலீஷில் வளைத்து வளைத்து ஒப்பமிட்டவன் அவன். அன்றைக்கு வலது கை விரல்கள் மடங்கவில்லை. இடது கைப் பெருவிரலை மையில் தொட்டு வைத்தான்.

பிறகு பெரியவர் என் பக்கம் திரும்பினார். "ஒன்பது நாளாக இவன் ஒரே கதைதான் சொல்கிறான், நீல வேன்காரனுக்கு என்னைத் தெரியும் என்று. அது நீயா?" பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "நான்தான் சேர். கோபத்தில் தெரியாது என்றேன்." சிரித்துக்கொண்டிருந்த கான்ஸ்டபிளும் நிறுத்திவிட்டான். என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் வெளியே கிடந்த மர வாங்குப் பலகையில் உட்காரச் சொன்னார்கள். மத்தியானத்திலிருந்து நாலரை மணி வரைக்கும் ஒரே வாங்கில் நானும் அவனும். அவன் மனைவி எதிரே மர நிழலில் பிள்ளையோடு நின்றாள். அவன்தான் முதலில் கேட்டான், "அன்னிக்கு நான் கூப்புட்டது ஒங்களுக்குக் கேக்கலயாண்ணே?"

"கேட்டுச்சு."

அவன் தலையாட்டினான். கோபப்படுவான் என்று பார்த்தேன், கோபமில்லை. கணக்குச் சரிதான் என்கிற மாதிரி ஒரு தலையாட்டல். கொஞ்சம் கழித்து, "மத்த மூணு சில்லும் இன்னும் வேன்லயா இருக்கு?" என்றான். "பின்ன? என் பழைய சில்ல நீ வித்துத் தின்னுட்ட. மூணு அலோயும் ஒரு ஸ்பெயார் இரும்பும் போட்டு, நொண்டிக் குதிர மாதிரி ஓட்டிக்கிட்டிருக்கேன். மூணையும் வெண்கட்டி போட்டுப் பாத்துட்டேன், கோடு விழல." அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான், "பின் வலதுல கோடு விழாதுண்ணே. அதுல பட்டி பூசி இறுக்கியிருக்கேன், எண்ண கசியாது. அதுதான் நாலுலயும் மோசம். அத இனி ஓட்டாதீங்க."

அன்று காலையும் அந்த நாலு பிள்ளைகளும் அதன் மேல் உட்கார்ந்துதான் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். அவன் சட்டையைப் பிடித்தேன். "ஏன்டா, இத எப்பவோ சொல்லியிருக்கலாமேடா! புள்ளைங்க போற வேன்டா!" என் கையை அவன் எடுத்துவிடவில்லை. "சொல்லணும்னுதான் இருந்தேன். அந்த ஞாயித்துக்கெழம எல்லார் முன்னுக்கும் என்னய அப்பிடிச் செஞ்சீங்க. அந்தக் கோவத்துல விட்டுட்டேன்" என்றான்.

நான் சட்டையை விட்டேன். ஒப்பமிட்டு, ஏச்சு வாங்கி, அட்டையைத் திருப்பி வாங்கி, அவர்கள் விட்டுவிட்ட அவனை அவன் மனைவியோடு பஸ்ஸில் ஏற்றிவிட்டு வேனிடம் வந்தேன். அந்த இடத்திலேயே ஜாக்கி போட்டுப் பின் வலதைக் கழற்றி, டயரை நெம்பி, உள்பக்கப் பெயின்ட்டை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன். பட்டி காய்ந்த சோறு மாதிரிப் பொலபொலவென்று உதிர்ந்தது. அடியில் என் கைச்சாண் நீளத்துக்கு விரிசல். நகத்தை வைத்தேன், நகம் உள்ளே போயிற்று. அன்று வேனை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்ததும், நீ கேட்டதற்கு டீசல் தீர்ந்துவிட்டது என்றதும் நினைவிருக்கும்.

உன்னை நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் பொறுத்துப் போ என்று எழுதப் போவதில்லை. என் மகள் பொறுக்கமாட்டாள், பொறுத்தால் அது என் இரத்தம் இல்லை. நான் அவனை இன்றைக்கும் மன்னிக்கவில்லை, வீதியில் கண்டால் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்ப்போம். அவனுடைய வலது கை எப்படி இருக்கிறது என்று மட்டும் என் கண் தேடும். நீ போகிற வீட்டில் யாராவது உனக்கு அநியாயம் செய்தால் ஏசு, சத்தம் போடு, முற்றத்தில் வைத்து மானத்தை வாங்கு, தேவையென்றால் என்னையும் கூப்பிடு, நான் எல்லாச் சாமானோடும் வருவேன். ஆனால் கோபத்தில் வாயை மூடிக்கொள்ளாதே. உனக்குத் தெரிந்தது இன்னொருவரின் உயிருக்கு வேண்டியதாக இருந்தால், அவர் எவ்வளவு பெரிய கள்ளனாக இருந்தாலும், முதலில் அதைச் சொல்லிவிடு. சொன்ன பிறகு ஏசு. நானும் அவனும் ஒரே மாதிரி இரண்டு பேர், வாய் நிறையப் பேசுகிறவர்கள். பேச வேண்டிய ஒரு வார்த்தையை மட்டும் ஆளுக்கொன்றாக அடக்கி வைத்திருந்தோம். அவனுடையது நாலு பிள்ளைகளைக் கொன்றிருக்கும். என்னுடையது அவனை.

அப்பா